பின்னால் வருகிறவருக்கு ஒரு குப்பி

தம்பியின் அறையைக் காலி செய்யப் போன அன்று, வீட்டுக்கார அம்மா சாவியை என் கையில் கொடுத்துவிட்டு மாடிப்படியின் அடியிலேயே நின்றுகொண்டார்.

"நீங்க போய்ப் பாருங்கம்மா. எனக்கு முட்டி வலி."

மேலே மொட்டை மாடிக் கொடியில் அவருடைய ஈரப் புடவை சொட்டிக்கொண்டிருந்தது. நான் மட்டும் ஏறினேன். இறந்தவன் இருந்த அறைக்குள் நுழைய யாருக்குத்தான் மனசு வரும். எனக்கே வரவில்லை.

கதவைத் திறந்ததும் மருந்தும் பழைய போர்வையும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. டிவியில் வெளிச்சம் விழக்கூடாதென்று அவன் ஜன்னலில் ஆணி அடித்து மாட்டிய கனத்த திரை அப்படியே தொங்கியது. எதிரே அவனுடைய நாற்காலி. கைப்பிடியில் ரெக்ஸின் உரிந்து, அவன் முழங்கை ஊன்றிய இடம் மட்டும் வழவழவென்று இருந்தது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது என் வேலை. எதைப் பார்த்தாலும் முதலில் ஓரத்தைப் பார்த்துப் பழகிய கண். அந்த நாற்காலியின் ஓரத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

துணிமணிகளைக் கட்டி முடித்துவிட்டுக் கடைசியாக டிவியைப் போட்டேன். அவன் பாதியில் விட்டுப்போன கேம் திரையில் வந்தது.

அந்தக் கேமை எனக்கு நன்றாகத் தெரியும். ஆடியதில்லை, வேடிக்கை பார்த்திருக்கிறேன். கருங்கல் கோட்டை, எரியும் மெழுகுவத்திகள், அங்கி போட்டு நடமாடும் பிணங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் அறைகள் இடம் மாறிவிடும். செத்தால் அதோடு சரி. அவன் சேர்த்த வாள், மருந்து, கடந்த தூரம் எல்லாம் அழிந்துபோய், மறுபடி வேறு ஒருவனாக முதல் அறையில் நிற்க வேண்டும். இந்தக் கண்றாவியைக் காசு கொடுத்து வாங்குவார்களா என்று நான் அவனைக் கேலி செய்வேன்.

"அதான் அக்கா சுகமே. உயிர் ஒண்ணுதான்னு தெரிஞ்சா ஒவ்வொரு கதவையும் மரியாதையா திறப்போம்" என்பான்.

உடம்பு முடியாமல் வேலையை விட்ட பிறகு அவனுக்கு ஊர் உலகம் எல்லாம் அந்தக் கோட்டைதான். நான் சாப்பாடு கொண்டுபோனால் எழுந்து வரமாட்டான். கேமில் இருக்கும் ஆளைக் குந்த வைத்து எழுப்புவான். மறுபடியும் குந்த வைத்து எழுப்புவான். அதுதான் எனக்கு வணக்கம். "பெரிய மனுஷன், கை ஒழியல பாரு" என்று தலையில் தட்டிவிட்டுத் தட்டை வைப்பேன்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அந்தக் கேமில் சிவப்பு மருந்துக் குப்பி சுலபத்தில் கிடைக்காது. குடித்தால் குறைந்த உயிர் ஏறும். அப்படிப்பட்டதை இவன் ஒவ்வொரு வாசலிலும் ஒன்று கீழே வைத்துவிட்டுத்தான் அடுத்த அறைக்குள் போவான்.

"ஏண்டா, நீ குடிக்காம யாருக்கு வைக்கிற?"

"பின்னால வர்றவங்களுக்கு."

"இது ஒத்தை ஆள் ஆடற கேமுன்னு நீதானே சொன்ன?"

சிரித்தான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் அந்தக் கூத்து தொடர்ந்தது. தினமும் சாயங்காலம் நான் கிளம்பும்போது, அறை வாசலில் ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கச் சொல்வான். காய்ச்சலில் உளறுகிறான் என்று நினைத்தாலும் வைத்துவிட்டு வருவேன். காலையில் டம்ளர் காலியாக இருக்கும். ஒருநாள் நான் வைத்த கையோடு துப்புரவு செய்கிற அம்மா அதை எடுத்துவிட்டார். "யாராச்சும் கால் தடுக்கி விழுந்தா என் வேலை போயிடும்மா" என்றார். நியாயம்தான். அன்று வெளியே நடையில் சாப்பாட்டு வண்டி போவதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஒரு சக்கரம் சரியில்லாத வண்டி. கீச்... தட். கீச்... தட்.

தம்பி என் விரலைப் பிடித்துக்கொண்டான். "இன்னும் ஒரு கூடம்தான் அக்கா. அதைத் தாண்டினா வெளிவாசல். கேமுல இருக்கறவனை எப்படியாவது வெளிய கொண்டுபோய் விட்டுடணும்."

"நீயே வந்து விடு" என்றேன்.

அவன் வரவில்லை. அன்றோடு முடிந்துவிட்டது.

இப்போது திரையில் அவனுடைய ஆள் ஒரு இரும்புக் கதவின் முன்னால் நின்றான். முகத்தை மறைத்த முக்காடு, கையில் வாள், இடுப்பில் ஒரே ஒரு குப்பி. 'தொடரவும்' என்ற எழுத்து மின்னிக்கொண்டிருந்தது. தொட்டால் தொடரும். நான் தப்பாக ஒரு பொத்தானை அழுத்தினால் அவனும் அழிந்துபோவான். தம்பி என்று மிச்சமிருந்தது அந்த முக்காடு போட்டவன் ஒருவன்தான்.

டிவியை அணைத்து, எல்லாவற்றையும் என் வீட்டுக்குத் தூக்கிவந்தேன்.

பழைய கேம்கள் விற்கும் கடைக்காரர் என் வாடிக்கையாளர். அவர் மூக்கில் இருக்கும் தடித்த லென்ஸ் நான் தேய்த்தது.

"இதே மாதிரி கேம் வேணும்ணே. ஆனா இது வேண்டாம்."

"இதே மாதிரின்னா? இருட்டாவா, கஷ்டமாவா, செத்தா முதல்லேருந்தா?"

"மூணும்."

"யாருக்கும்மா?"

"எனக்கு."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு நான் வெறும் நிறம்தான். ஒருவேளை அதுதான் வசதியாக இருந்ததோ என்னவோ.

"இதுக்கு முன்னாடி என்ன ஆடியிருக்கீங்க?"

"ஒண்ணும் ஆடினதில்ல. செத்துப் பழகணும்ணே. வேற எங்க வேணா சாகலாம், இதுல மட்டும் சாகக்கூடாது." விஷயத்தைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். "கேமைக் குடுங்க, நானே முடிச்சுத் தரேன். நல்லா ஆடுவேன்."

"வேண்டாம்ணே. அவனை நான்தான் கூட்டிட்டு வரணும்."

அலமாரித் தட்டுகளில் தேட ஆரம்பித்தார். ஒன்றை எடுப்பார், "இது கஷ்டம், ஆனா இருட்டில்ல" என்று வைத்துவிடுவார். இன்னொன்றை எடுத்து, "இதுல செத்தா பாதியிலேருந்து வரலாம், உங்களுக்கு ஆகாது" என்பார். பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோல அவ்வளவு அலசல். கடைசியில் பாழடைந்த தேவாலயம் ஒன்றில் நடக்கும் கேமைக் கொடுத்தார்.

வேலை முடிந்து வந்ததும் தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்து ஆடுவேன். ஆடுவேன் என்பதைவிடச் சாவேன் என்பதுதான் சரி. குழியில் விழுந்து செத்தேன். எலி கடித்துச் செத்தேன். கதவென்று நினைத்துச் சவப்பெட்டியைத் திறந்து செத்தேன். சின்ன லென்ஸைக் கீறாமல் பிடிக்கும் விரல்கள் கன்ட்ரோலரைப் பிடித்தால் கட்டையாகிவிடும். ஆனால் மெல்ல மெல்லப் பிடி கிடைத்தது. முதல்முறையாக மணிக்கூண்டு வரை போனேன்.

அந்த வாசலில் ஒரு சிவப்புக் குப்பி இருந்தது.

கேமில் இருப்பதுதான் என்று நினைத்து எடுத்துக் குடித்தேன். உயிர் ஏறியது. அடுத்த வாசலிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும். எல்லாம் நிலைப்படிக்கு இடது ஓரமாக, சுவரை ஒட்டி. தம்பி வைக்கும் இடம் அதுதான்.

அந்தக் கேமை முடித்துவிட்டு வேறொன்று வாங்கினேன். நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும் பிணக்கப்பல். செய்தவர்கள் வேறு, கதை வேறு. அதிலும் முதல் வாசலில், இடது ஓரத்தில், அதே குப்பி.

உள்ளதைச் சொல்கிறேன், அப்போது எனக்குப் பயமே இல்லை. சந்தோஷமாக இருந்தது. தம்பி போனபின் என் வீட்டில் பேச்சுச் சத்தமே கிடையாது. குழாய் சொட்டும், குளிர்பெட்டி முனகும், அவ்வளவுதான். இப்போது சாயங்காலமானால் யாரோ எனக்கு முன்னால் போய், எனக்கென்று மருந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். "வந்துட்டேண்டா, கொஞ்சம் மெதுவாப் போ" என்று டிவியைப் பார்த்துச் சொல்வேன். ஒரு சொட்டு விடாமல் குடிப்பேன்.

கடைக்காரரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"கப்பல் கேமுல எதையும் கீழ வைக்கவே முடியாதும்மா. அப்படி ஒரு வசதியே அதுல கிடையாது."

ஞாயிற்றுக்கிழமை மதியம் நேரில் வந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். ஆடிக் காட்டினேன். வாசலில் குப்பி இருந்தது. அவர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே பிடித்திருந்தார். பிறகு திரைக்குப் பக்கத்தில் போய், குனிந்து பார்த்தார்.

"இதுக்கு நிழல் விழலம்மா. மத்த எல்லாத்துக்கும் விழுது."

நான் அந்த ஓரத்தைக் கவனிக்காமல் போனேனே என்று இருந்தது.

"என்ன சத்தம் அது?" என்றார் திடீரென்று.

"எது?"

"டிவியில. வண்டி தள்ற மாதிரி."

எனக்குக் கேட்கவில்லை. அவர் எழுந்துவிட்டார். பேயறைந்தவர் மாதிரி படியிறங்கிப் போனார். குடையை மறந்துவிட்டார். வெளியே மழை பெய்தும் அதை எடுக்கத் திரும்பி வரவில்லை.

மறுநாள் கடைக்குப் போனபோது இன்னொரு கேமை மேஜைமேல் எடுத்து வைத்திருந்தார். "இதோட நிறுத்திக்கங்க" என்று மட்டும் சொன்னார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அது ஒரு சுரங்கம். மேலே கல்லறைகள், கீழே முடிவில்லாத படிகள். அதில்தான் நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

கீச்... தட்.

எனக்குப் பின்னால், எங்கோ தூரத்தில்.

திரும்பிப் பார்த்தேன். காலிச் சுரங்கம். முன்னால் வாசலில் குப்பி இருந்தது, ஆனால் ஓரமாக இல்லை. நடுவில் கவிழ்ந்து கிடந்தது. அடுத்த வாசலில் மூடி கழன்று, பாதி கொட்டியிருந்தது. நிதானமாக வைத்த கை அல்ல அது. ஓடுகிற கை போட்டுவிட்டுப் போனது.



கொட்டியது போக மிச்சத்தைக் குடித்தேன். சத்தம் நிற்கவில்லை, நெருங்கியது. அடுத்த வாசலில் எனக்கு உயிர் முழுசாக இருந்ததால் குப்பியை எடுக்காமல் தாண்டிப் போனேன். சத்தம் அந்த வாசல் வரை வந்தது.

நின்றது.

மடக். மடக். மடக்.

யாரோ குடிக்கிறார்கள். நீண்ட தாகம் உள்ளவர்கள் குடிப்பதுபோல, மூச்சு விடாமல். முடித்த பிறகும் வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. நான் மெல்லத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். குப்பி காலியாக, சாய்ந்து கிடந்தது.

கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பின்னால் வருகிறவர் நான் இல்லை.

அவனைத் துரத்திக்கொண்டு, எனக்கும் பின்னால் ஒன்று வந்துகொண்டிருந்தது. அது குடிக்கிற நேரம்தான் அவன் தப்பிக்கிற நேரம். அதற்காகத்தான் ஒவ்வொரு வாசலிலும் வைத்தான். ஆஸ்பத்திரியிலும் அதற்காகத்தான் வைக்கச் சொன்னான். நானோ, பாசமாக வைத்திருக்கிறான் என்று வாசல் வாசலாகக் குடித்துக்கொண்டே வந்திருக்கிறேன். அது எங்கேயும் நிற்க வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட்டேன்.

சுரங்கத்தின் அடுத்த வாசலுக்கு ஓடினேன். அங்கே குப்பி இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. அவனிடம் தீர்ந்துவிட்டது.

ஒரே ஒரு இடத்தில்தான் மிச்சம் இருந்தது. அந்த முக்காடு போட்டவனின் இடுப்பில்.

சுரங்கத்தை நிறுத்திவிட்டுத் தம்பியின் கேமைப் போட்டேன். விடுமுறை நாள், வெளியே நல்ல வெயில். தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன், அவன் செய்வதுபோல. 'தொடரவும்' மின்னியது.

தொட்டேன்.

இரும்புக் கதவு திறந்தது. பெரிய கூடம். நடுவில் ஆளுயரக் கத்தரிக்கோலோடு ஒரு காவல்காரன். நான் செத்துச் செத்துக் கற்றதெல்லாம் விரலுக்கு வந்தது. விலகினேன், பதுங்கினேன், அவன் கை ஓங்கும் நேரம் பார்த்து வெட்டினேன். அவனும் விடவில்லை. கடைசியில் அவன் சரிந்தபோது, தம்பியின் ஆளுக்கு நூலளவு உயிர்தான் பாக்கி.

கூடத்தின் மறுபக்கம் வாசல். அதற்கப்பால் நீண்ட படிக்கட்டு. இரண்டு சுவர்களிலிருந்தும் மாறி மாறி அம்புகள் பாய்ந்துகொண்டிருந்தன. படிகளின் முடிவில் வெளிவாசல்.

ஒரு அம்பு உரசினாலும் முடிந்தது. குடித்துவிட்டால் தாங்கிக்கொள்ளலாம்.

கீச்... தட். கீச்... தட்.

இவ்வளவு பக்கத்தில் அதுவரை கேட்டதில்லை. சத்தம் இல்லாவிட்டால் கவனம் சிதறாது என்று டிவியின் ஒலியை முழுவதும் நிறுத்தினேன்.

கீச்... தட்.

அது டிவியிலிருந்து வரவில்லை.

என் வீட்டு நடையிலிருந்து வந்தது. சமையலறையைத் தாண்டி, மெதுவாக. ஆஸ்பத்திரி வாசனை அறைக்குள் வந்தது. பிடரியில் குளிர்ந்த காற்று பட்டது. நான் திரும்பவில்லை. திரும்பினால் கன்ட்ரோலரைப் போட்டுவிடுவேன் என்று தெரியும். "கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவனிடம் சொன்னேனா, அதனிடம் சொன்னேனா, இன்றும் தெரியாது.

வாசலில் இடது ஓரம், சுவரை ஒட்டி, கடைசிக் குப்பியை வைத்தேன்.

என் நாற்காலிக்குப் பின்னால் சக்கரம் நின்றது.

மடக். மடக். மடக்.

ஓடு என்றேன். படிகளில் அவன் ஓடினான். ஒரு அம்பு முக்காட்டுக்கு மயிரிழை தள்ளிப் போனது. ஒன்று காலடியில் தைத்தது. கடைசிப் படியில் என் விரல் மரத்துப்போய்ப் பொத்தானை விட்டு நழுவிவிட்டது.

அவன் நிற்கவில்லை. நான் எதையும் அழுத்தாமல், தானாகவே நடந்து வெளிவாசலில் ஏறினான்.

கதவு திறந்தது. அந்தக் கேமில் நான் அதுவரை வெயிலையே பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். வாசலில் நின்றவன் என் பக்கம் திரும்பினான். குந்தினான், எழுந்தான். மறுபடி குந்தினான், எழுந்தான்.

"போயிட்டு வாடா பெரிய மனுஷா" என்றேன்.

அவன் வெயிலுக்குள் போய்விட்டான். திரை வெளுத்து, 'புதிய ஆட்டம்' என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. அப்போதுதான் துணிந்து திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. தரையில் ஈரமாக ஒரு கோடு, சக்கரம் உருண்ட தடம், என் நாற்காலி வரை வந்து நின்றிருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

கேம்களையெல்லாம் கடைக்காரரிடம், அவருடைய குடையோடு கொடுத்துவிட்டேன். அவற்றை அவர் விற்கவில்லை. பரண்மேல் கட்டிப் போட்டிருக்கிறார். "தம்பி வெளிய போயிட்டானா?" என்று கேட்டார். போய்விட்டான் என்றேன். "அப்ப அது?" என்று ஆரம்பித்தவர், குடையை எடுத்து ஆணியில் மாட்டினார்.

அதற்கு இப்போது பின்தொடர என்னை விட்டால் வேறு யாரும் இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து படியேறும்போது கேட்கிறது. தெருவிலும் சில நேரம். நான் நின்றால் நிற்கிறது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வீட்டு வாசலுக்கு வெளியே, இடது ஓரம், சுவரை ஒட்டி ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போகிறேன். வந்து பார்த்தால் காலியாக இருக்கும். கழுவி எடுத்து வைப்பேன். தனியாக இருப்பவள் நான். இன்னொருவருக்கென்று டம்ளர் நிரப்பி எத்தனையோ நாளாயிற்று. ஒரு நாள் அது அப்படியே நிரம்பியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருக்குமா, வெறிச்சென்று இருக்குமா என்று யோசித்ததும் உண்டு.

இன்று வீடு திரும்பியபோது வாசலில் டம்ளர் இல்லை. எதிர்வீட்டுப் பிள்ளைகள் எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு பூட்டைத் திறந்தேன்.

டம்ளர் உள்ளே இருந்தது. நடையைத் தாண்டி, என் படுக்கையறை வாசலில், இடது ஓரமாக, சுவரை ஒட்டி.

அதில் விளிம்பு வரை தண்ணீர் இருந்தது.

யாரோ அதை எனக்கென்று வைத்துவிட்டு, இருட்டான அந்த அறைக்குள் எனக்கு முன்னால் போயிருக்கிறார்கள். பின்னால் வருகிறவள் நான் ஒருத்திதான்.